என்னையும் ஆட்டைக்குச் சேத்துக்கோ

உத்தி பிரிப்பதை நின்று பார்த்தவர்களுக்கு அதற்குள் இருக்கும் மூளை தெரியும். கபடியோ கிட்டிப்புள்ளோ, இரண்டு கட்சி கட்ட வேண்டிய ஆட்டம் எதுவானாலும் முதலில் இரண்டு பேர் தலைவர்களாகி ஒதுங்கி உட்கார்ந்துகொள்வார்கள். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகத் தோளில் கைபோட்டுக்கொண்டு, பேசினால் காதில் விழாத தூரத்துக்குப் போவார்கள். அங்கே ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொள்வார்கள். திரும்பி வந்து தலைவரைக் கேட்பார்கள்: சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா? அவர் ஒன்றைச் சொன்னதும் அந்தப் பெயருக்குரியவன் அவர் பக்கம் போவான், மற்றவன் எதிர்ப் பக்கம். அடுத்த ஜோடி வரும்போது சொல்லும் முறை அடுத்த தலைவருக்கு.

இதில் சூட்சுமம் ஜோடி சேருவதில் இருக்கிறது. நன்றாக ஓடுகிறவன் நன்றாக ஓடுகிறவனோடுதான் ஜோடி சேருவான், பொடியன் பொடியனோடு. இருவரும் எதிரெதிர்ப் பக்கம் போகப் போகிறவர்கள் அல்லவா? ஜோடி சமமாக இல்லாவிட்டால் கட்சி சமமாக இருக்காது. கட்சி சமமாக இல்லாவிட்டால் ஆட்டம் கொஞ்ச நேரத்தில் சப்பென்று ஆகிவிடும். ரகசியப் பெயர் இருப்பதால் தலைவர் தனக்கு வேண்டியவனைப் பொறுக்கிக்கொள்ளவும் முடியாது. பாகப்பிரிவினையில் மூத்தவன் கூறு வைக்க இளையவன் முதலில் எடுப்பது என்றொரு வழக்கம் உண்டே, அதே நுட்பம்தான். எந்தக் கூறு தனக்கு வரும் என்று தெரியாதவன் சமமாகத்தான் கூறு வைப்பான்.

இன்னொன்றும் உண்டு. உத்தி பிரிக்கும்போது யாரும் கடைசி ஆளாக நிற்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடில் இரண்டு கேப்டன்களை நிறுத்தி, மாறிமாறி ஆளைக் கூப்பிடச் சொல்வார்கள். முதலில் வேகக்காரர்கள் போவார்கள், அப்புறம் சுமாரானவர்கள். கடைசியில் யாருக்கும் வேண்டாத ஒரு பையன் மண்ணைக் காலால் கீறியபடி நிற்பான், அவனை எந்தப் பக்கம் தள்ளுவது என்று இரண்டு கேப்டன்களும் முகத்தைச் சுளிப்பார்கள். பெரியவர் ஒருவர் விசிலோடு நின்று நடத்தும் ஏற்பாடு அது. தெருப் பிள்ளைகள் தாங்களாகவே கைமாற்றி வந்த ஏற்பாடு இது. இரண்டில் எது படித்தவர்கள் யோசித்தது என்று விவரம் தெரியாத ஒருவரைக் கேட்டால், அவர் உத்தியைத்தான் காட்டுவார்.

இப்போது பிள்ளைகளின் ‘சோஷியல் ஸ்கில்ஸ்’ பற்றிப் பெற்றோருக்கு நிறையக் கவலை. பையன் யாரோடும் ஒட்டமாட்டேன் என்கிறான், பெண் தோற்றால் அழுகிறாள், பொம்மையைத் தர மறுக்கிறார்கள். அதற்கென்று கோடை முகாம், ஆளுமை வளர்ச்சி வகுப்பு. சுவரில் வண்ணப் படங்கள்: பகிர்ந்துகொள், உன் முறை வரும்வரை பொறு, மற்றவர் மனதைப் புரிந்துகொள். இவற்றைக் குறை சொல்ல வரவில்லை. நல்ல மனதோடு நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. இப்படி ஒரு படத்தையும் பார்க்காத பிள்ளைகளுக்கு உத்தி மாதிரி ஒரு நியாயம் எங்கிருந்து வந்தது?

நல்ல பிள்ளைகளாக இருந்ததால் வந்தது என்று சொல்ல முடியாது. தெருவில் விளையாடிய பிள்ளைகள் அப்படியொன்றும் நல்ல பிள்ளைகள் இல்லை. பட்டப்பெயர் வைப்பார்கள், போங்கு அடிப்பார்கள், எண்ணிக்கையை விழுங்குவார்கள், கண்ணாமூச்சியில் விரலிடுக்கு வழியாகப் பார்ப்பார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று பாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அத்தனை சில்லறைத்தனத்துக்கும் நடுவில் இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடுகள் நிலைத்தன என்பதுதான் யோசிக்க வைக்கிறது.

சாட் பூட் த்ரீயை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிப்பிடித்து விளையாட ஒருவன் பிடிக்கிறவனாக இருந்தாக வேண்டும். அது யாருக்கும் பிடிக்காத வேலை. நீ இரு என்று ஒருவனைச் சொன்னால் சண்டை. ஆகவே வட்டமாக நின்று கையை வீசி, சிலர் உள்ளங்கையும் சிலர் புறங்கையும் காட்டுவார்கள். ஒருவன் மட்டும் மாறிக் காட்டினால் அவன் ‘பழம்’, தப்பித்துவிட்டான். கடைசியில் மாட்டுகிறவன் மேல் யாருக்கும் கோபமில்லை, அவனுக்கும் யார் மேலும் கோபமில்லை. அவனை மாட்டிவிட்டது ஆள் இல்லையே, கைதானே.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பாக இருப்பது ஒப்புக்குச் சப்பாணி. பெயர் முரட்டுப் பெயர், இன்று அப்படிச் சொல்லக்கூடக் கூடாது. வழக்கமோ அவ்வளவு மென்மையானது. அக்காவோடு நான்கு வயதுத் தம்பியும் வந்துவிடுகிறான். விட்டுவிட்டு வந்தால் அம்மா அக்காவையும் உள்ளே கூப்பிட்டுவிடுவாள். சேர்த்துக்கொண்டால் அவன் இருக்கும் கட்சி தோற்கும். இந்தச் சிக்கலுக்குப் பிள்ளைகள் கண்ட வழி: அவனும் ஆட்டத்தில் உண்டு, ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். அவனைத் தொட்டால் அவுட் இல்லை. அவன் தொட்டாலும் கணக்கில்லை. அவனுக்கு அது தெரியாது, அல்லது தெரிந்தாலும் கவலை இல்லை, ஏனென்றால் அவன் ஆட்டைக்கு வந்துவிட்டான். ஒன்றிரண்டு வருஷத்தில் கால் பலமானதும், யாரும் அறிவிக்காமலே அவன் முழு ஆளாகிவிடுவான். அதற்குள் இன்னொரு பொடியன் வந்திருப்பான்.

நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஆந்திரத்துப் பிள்ளைகள் இந்தப் பொடியனை ஆட்டத்தில் வாழைப்பழம் என்பார்கள். மும்பைப் பிள்ளைகளுக்கு அவன் பச்சை எலுமிச்சை, வங்காளத்துப் பிள்ளைகளுக்குப் பால்சோறு. ஒரே ஏற்பாட்டைத் திசைக்கொரு மொழியில் பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள். எந்தப் பாடத்திட்டமும் இதை அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அத்தனை இடத்திலும் ஒரே சிக்கல் இருந்தது, ஒரே அவசரமும் இருந்தது: ஆட்டம் தொடங்க வேண்டும், இருட்டுவதற்குள்.

அந்த அவசரத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். தெரு கிரிக்கெட்டில் பேட் வைத்திருக்கும் பையனைப் பாருங்கள். பேட் அவனுடையது என்பதால் முதல் பேட்டிங் அவனுக்கு. அவுட்டானாலும் இல்லை என்று சாதிப்பான். ரொம்பப் பேசினால் பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். ஆக, சர்வாதிகாரி. ஆனால் அவன் அதிகாரத்துக்கு ஒரு எல்லை உண்டு. வீட்டுக்குப் போன பேட்டை வைத்துக்கொண்டு அவன் தனியாக என்ன செய்வான்? மறுநாள் அவன் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் வரவில்லை என்றால், பேட் வெறும் கட்டை. அது அவனுக்கு ஒரே சாயங்காலத்தில் புரிந்துவிடும். அதற்கடுத்த நாள் அவனே வந்து, சரி, அன்னைக்கு அவுட்தான் என்பான். அல்லது அதைச் சொல்லாமல், முதல் பேட்டிங்கை வேறொருவனுக்குக் கொடுப்பான். மன்னிப்பை வாயால் கேட்காமல் கேட்கும் இந்த வித்தையை எந்த வகுப்பில் சொல்லித்தர முடியும்?

பிள்ளைகள் தாங்களாகச் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் யாரும் எப்போதும் விலகிப் போகலாம். மிக வேகமானவனும் போகலாம், ஒப்புக்குச் சப்பாணியின் அக்காவும் போகலாம். இரண்டு பேர் போனால் கட்சி உடையும், நான்கு பேர் போனால் ஆட்டமே இல்லை. எனவே ஜெயிக்க நினைக்கிற ஒவ்வொருவனும் கூடவே இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: எதிரே நிற்கிறவன் நாளைக்கும் வர வேண்டும். அவனைத் தோற்கடிக்கலாம், வெறுத்துப் போகும்படி தோற்கடிக்கக் கூடாது. பெரிய பையன் பொடியனுக்குப் பந்தை மெதுவாக உருட்டிப் போடுவது இரக்கத்தால் மட்டும் இல்லை. அவன் அழுதுகொண்டே போனால் ஃபீல்டிங்குக்கு ஆள் குறையும். நியாயம், பொறுமை, விட்டுக்கொடுத்தல் என்று நாம் பெரிய பெயர் வைத்து மேலே தூக்கி வைத்திருப்பவை, ஆட்டம் நிற்கக் கூடாது என்ற ஆசையின் வேரிலிருந்து முளைத்தவை. பிள்ளைக்கு மற்றவன் தேவைப்படுகிறான். அந்தத் தேவையிலிருந்துதான் மற்றவனும் ஒரு மனுஷன் என்பது மெல்ல மெல்ல உறைக்கிறது.

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே இதைக் கோலிக்குண்டில் பார்த்தார். பிள்ளைகளின் நியாய உணர்வு பற்றி அவர் எழுதிய புத்தகம் 1932-ல் வந்தது. அதற்காக ஜெனீவாவிலும் நுஷாத்தலிலும் கோலி ஆடும் பையன்களிடம் போய், எனக்கு இந்த ஆட்டம் தெரியாது, சொல்லிக்கொடு என்று உட்கார்ந்தார். மிகச் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் ஆடினாலும் ஆளுக்கொரு ஆட்டம் ஆடினார்கள், கடைசியில் எல்லோரும் ஜெயித்ததாகச் சொன்னார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு விதி என்பது பெரியவர்கள் தந்தது, மாற்றக் கூடாதது. ஆனால் ஆடும்போது அதை அவர்களே சரியாகப் பின்பற்றவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுக்காரர்கள் வேறு மாதிரி. விதியை நாங்கள்தான் வைத்தோம், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். அவர்கள்தான் விதியை ஒழுங்காகக் காத்தவர்களும். விதி மேலேயிருந்து வந்தது என்று நம்பியவர்கள் அதை மீற, தாங்கள் வைத்தது என்று அறிந்தவர்கள் அதைக் காத்தார்கள். பெற்றோரும் ஆசிரியரும் இதைக் கொஞ்சம் மென்று பார்க்கலாம்.

பெரியவர் ஆட்டத்துக்குள் வந்ததும் என்ன ஆகிறது? பணம் கட்டிச் சேர்த்த பயிற்சி மையத்தில் ஆட்டத்தை யாரும் நிறுத்த முடியாது. ஐந்து மணிக்குத் தொடங்கும், ஆறு மணிக்கு முடியும். ஒருவன் கோபித்துக்கொண்டு போனாலும் கோச் வேறொருவனை இறக்குவார். அதனால் அங்கே யாரும் யாரையும் தக்கவைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவுட்டா இல்லையா என்பதை எதிராளியிடம் பேச வேண்டியதில்லை, கோச்சிடம் முறையிட்டால் போதும். பந்தைச் சுழற்றவும் காலை நகர்த்தவும் பிள்ளை அங்கே நன்றாகக் கற்றுக்கொள்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கண்கள் எப்போதும் அந்தப் பெரியவரையே பார்க்கின்றன. எதிராளியின் முகத்தைப் படிக்கும் வேலையே வருவதில்லை.

பள்ளிக்கூடத்தின் குரூப் ப்ராஜெக்டும் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. ஐந்து பேருக்கு ஒரு சார்ட் பேப்பர். கையெழுத்து நன்றாக இருக்கும் ஒரு பெண் எழுதுவாள், இல்லாவிட்டால் அவள் அம்மா எழுதுவாள். மற்ற நால்வர் ஸ்கெட்ச் பேனா மூடியை எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஐவருக்கும் ஒரே மதிப்பெண். கூட உட்கார வைத்தால் கூடி வாழப் பழகுவார்கள் என்ற நம்பிக்கையில் வந்த ஏற்பாடு. ஆனால் அந்த நால்வரும் அவளுக்குத் தேவைப்படவில்லை. அதோடு கதை முடிந்தது.

தேவையை உண்டாக்கிக் காட்டிய ஒரு வகுப்பறை உண்டு. 1971-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், நிறத்தால் பிரிந்து கிடந்த பள்ளிகளை அப்போதுதான் ஒன்றாக்கியிருந்தார்கள். வெள்ளைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், மெக்சிகோ வழி வந்த பிள்ளைகள் ஒரே அறையில். அடிதடி, ஏளனம். எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் அங்கே செய்தது எளிமையான ஒன்று. ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பாடத்தைத் துண்டுகளாக்கி, ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். முழுப் பாடத்திலும் தேர்வு உண்டு. ஆகவே, ஆங்கிலம் தடுமாறுகிறது என்று நேற்றுவரை ஏளனம் செய்த அதே பையனின் வாயிலிருந்துதான் அவன் துண்டு கிடைத்தாக வேண்டும். முதலில் அவனைச் சீண்டினார்கள். சீண்டினால் அவன் வாயடைத்துப் போகிறான், நஷ்டம் தங்களுக்குத்தான் என்று கண்டதும் பொறுமையாகக் கேள்வி கேட்கப் பழகினார்கள். கேட்கக் கேட்க, அவன் முட்டாள் இல்லை என்பதும் தெரிந்தது. அன்பாக இரு என்று யாரும் அவர்களுக்குப் போதிக்கவில்லை. தெருவில் தானாக இருந்த ஒன்றை அந்த வகுப்பறை திட்டமிட்டு உண்டாக்கியது, அவ்வளவுதான்.

ஒட்டமாட்டேன் என்கிற பிள்ளைகளுக்காகவும் ஒரு வார்த்தை. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன், மழலைப் பள்ளிக் குழந்தைகள் ஒருவரோடொருவர் எப்படி விளையாடுகிறார்கள் என்பதை வகைப்படுத்தி 1932-ல் எழுதினார். அதில் ஓரமாக நின்று பார்ப்பதற்கும் ஓர் இடம் கொடுத்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கும் பிள்ளை சும்மா இருப்பதாகத் தோன்றும். ஏன் நிக்கிற, போய் விளையாடு என்று முதுகில் கைவைத்துத் தள்ளுவோம். அது அங்கே உட்கார்ந்தபடி யார் போங்கு, யார் விட்டுக்கொடுப்பான், எந்த இடைவெளியில் உள்ளே நுழையலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். கூச்சம் மிகுந்த பிள்ளைக்கும், ஆட்டிசம் போன்ற வேறுபாடுள்ள பிள்ளைக்கும் இந்தப் பார்க்கும் காலம் நீளலாம். அவர்களுக்குப் பெரியவர் துணை கட்டாயம் வேண்டும். அந்தத் துணையும் ஒப்புக்குச் சப்பாணி ஏற்பாடு போல இருந்தால் நல்லது: உள்ளே இரு, உனக்குச் சௌகரியமான விதியில் இரு, தயாரானதும் முழு ஆளாகு.

இவ்வளவு புகழ்ந்துவிட்டுத் தெருவின் கறையைச் சொல்லாமல் விடக் கூடாது. உத்தி பிரித்த நியாயம் ஆட்டைக்கு வந்தவர்களுக்கு மட்டும்தான். ஊர்த்தெருப் பிள்ளைகள் ஆடிய இடத்துக்குக் காலனிப் பிள்ளைகள் வர முடியவில்லை. வந்தால் யார் வீட்டுத் திண்ணையிலிருந்தாவது ஒரு குரல் வரும். வயதுக்கு வந்ததும் பெண்பிள்ளை உள்ளே போனாள், ஆட்டத்துக்கு ஆள் குறைந்ததை யாரும் கேட்கவில்லை. விலகிப் போகலாம் என்ற பயம் தெருவில் நியாயத்தைக் காத்தது என்றேன். ஆனால் உள்ளேயே வராதவன் விலகிப் போய்ப் பயமுறுத்த முடியாது. மற்றவர்களுக்கு அவன் தேவைப்படவே இல்லை. பிள்ளைகளின் ஆட்டம் தானாகத் திருத்திக்கொள்ள முடியாத கோளாறு இது ஒன்றுதான், பெரியவர்கள் போட்ட கோளாறும் இதுதான். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு 2024 ஜூனில் தமிழக அரசிடம் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டத் தடை வேண்டும் என்று பரிந்துரைக்க வேண்டியிருந்தது. உத்தியில் தோளில் போட வேண்டிய கை அது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளியில் மழலை வகுப்பு நடத்திய விவியன் பேலி இந்த இடத்தில்தான் கைவைத்தார். அவர் வகுப்பிலும் சில பிள்ளைகள் எப்போதும் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறவர்கள், சில பிள்ளைகள் எப்போதும் துரத்தப்படுகிறவர்கள். ஒருநாள் ஒரு விதி கொண்டுவந்தார்: ஆட்டைக்குச் சேர்க்க மாட்டேன் என்று யாரும் யாரையும் சொல்லக் கூடாது. அதற்கு முன் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடமும் போய்க் கருத்துக் கேட்டார். நியாயம்தான், நடக்காது என்று அவர்களில் பலர் நினைத்தார்கள். மழலைகளிடம் நடந்தது. 1992-ல் அவர் இதை ஒரு சிறு புத்தகமாக எழுதினார். எனக்கு அதில் பிடித்தது, அவர் வைத்த விதியின் அளவு. யார் அரசன், யார் அரக்கன், கதை எப்படி முடிய வேண்டும் என்பதையெல்லாம் பிள்ளைகளிடமே விட்டுவிட்டார். வாசலில் மட்டும் நின்றுகொண்டார். நாம் பெரும்பாலும் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். யாரோடு சேரக் கூடாது என்று வாசலில் பிள்ளையைத் தடுத்துவிட்டு, உள்ளே ஆட்டத்தை நாமே நடத்துகிறோம்.

சட்டத்தில் குறை இல்லை. விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989-ன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியா அதை 1992-ல் ஏற்றது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. மைதானம் இருக்கும் பள்ளியிலும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குகிறார், திருப்பித் தருவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்தில் பந்து விளையாடத் தடை என்று பலகை. பிள்ளைகளின் சாயங்காலம் இந்தி வகுப்புக்கும் அபாகஸுக்கும் நீச்சலுக்கும் பங்கு போய்விட்டது. வயது கலந்து, வேலை இல்லாமல், பெரியவர் அதட்டாத ஒரு மணி நேரம் கிடைக்காத பிள்ளைக்கு எந்தத் திறனை எங்கே வைத்து வளர்ப்பது?

அந்த ஒரு மணி நேரத்தைத் தரலாம் என்று நினைக்கிறவர்கள் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும்: இரைச்சலுக்கு. பிள்ளைகள் ஆடும் நேரத்தைவிட வாதாடும் நேரம் அதிகமாக இருக்கும். கோடு எங்கே போட்டோம், கை பட்டதா இல்லையா, நேற்றைய விதி இன்றைக்கும் உண்டா. பார்க்கிறவர்களுக்கு நேரம் வீணாவதாகத் தோன்றும். நம் இலக்கியத்துக்கு அது வீணாகத் தோன்றவில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பாடும் பத்துப் பருவங்களில் ஒன்றான சிற்றில், விளையாட்டுத் தகராறுதான். மணலில் வீடு கட்டிய சிறுமிகள், அதைச் சிதைக்க வருகிற பையனிடம் நேராகப் பேசி, கெஞ்சி, வாதாடுகிறார்கள்.

ஒரு பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்து, அங்கிள், இவன் போங்கு பண்றான் என்று முறையிடும். தீர்ப்பு நம் நாக்கு நுனியில் இருக்கும், பெரும்பாலும் சரியான தீர்ப்பாகவும் இருக்கும். அதைச் சொல்லாமல், சரி, நீங்க என்ன பண்ணப் போறீங்க என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அடிபட்டால், யாரையாவது சாதி சொல்லியோ உடலைச் சொல்லியோ ஒதுக்கினால் எழுந்து போக வேண்டும். மற்றபடி, சில நாள் தகராறு தீராமல் ஆட்டம் உடைந்தே போகும். காய் விட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். சமாதானம் செய்து கைகுலுக்க வைக்கத் தோன்றும். வேண்டாம். மறுநாள் சாயங்காலம் யார் முதலில் யார் வீட்டு வாசலில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, பழம் விடுவதற்கு என்ன சாக்கு என்பதெல்லாம் அவர்கள் பாடு.